ஆளுக்கு அரை மணி

ஜெராக்ஸ் அக்காவுக்கு விஷயம் தெரிய வந்ததே ஒரு கல்லூரிப் பெண்ணின் விண்ணப்பத்தால்தான். காலை ஒன்பதரை மணி. கடையில் மூன்றாவது ஆளாக நின்ற அந்தப் பெண் நகல் எடுக்க நீட்டிய தாளில், கையெழுத்துக்குக் கீழே பிப்ரவரி இருபத்தொன்பது என்று தேதி போட்டிருந்தாள்.

“என்னம்மா, படிச்ச பொண்ணு தேதியைத் தப்பா போட்டிருக்கியே? பிப்ரவரிக்கு ஏது இருபத்தொன்பது?”

“இந்த வருஷம் உண்டுக்கா. லீப் வருஷம். மார்ச்சு நாளைக்குத்தான் பொறக்குது.”

அக்கா மெஷினின் மூடியைத் திறந்தபடியே விட்டுவிட்டு, சுவரில் தொங்கிய காலண்டரை உற்றுப் பார்த்தாள். இருபத்தொன்பது அங்கே கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தது. இரண்டு மாதமாக அதே சுவரில்தான் தொங்குகிறது. கண் இருந்து என்ன பிரயோஜனம்?

கையில் போன், சுவரில் காலண்டர், கடைக்கு வருகிற தாள் ஒவ்வொன்றிலும் தேதி. இத்தனை இருந்தும் ஒரு மனுஷி இப்படிக் கோட்டை விடுவாளா என்று கேட்கலாம். விடுவாள். அவள் வீட்டில் மூன்று வருடமாகத் தேதி என்று ஒன்று கிடையாது. முறைநாள், ஓய்வுநாள், மறுபடி முறைநாள். அவ்வளவுதான் அவர்கள் காலண்டர்.

அவள் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ‘லிஃப்ட்காரர்’ என்றால்தான் தெரியும். மூன்று வருடத்துக்கு முன்னால் அவருடைய இரண்டு சிறுநீரகமும் நின்றுபோயின. அதைக் கழற்றி மாட்ட எந்த மெக்கானிக்கும் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து ஒரு நாள் விட்டு ஒரு நாள் டயாலிசிஸ்.

ஊருக்கு இருப்பது ஒரே டயாலிசிஸ் பிரிவு. ஆறு மெஷின். காலையில் ஆறு பேர், மதியம் பன்னிரண்டிலிருந்து நான்கு வரை ஆறு பேர். அங்கே கிழமைக் கணக்குக் கிடையாது. எந்தப் புண்ணியவான் எப்போது ஆரம்பித்து வைத்தானோ, வாசல் பலகையில் பெரிதாக எழுதியிருக்கிறது: ஒற்றைப்படைத் தேதியில் ஒரு கூட்டம், இரட்டைப்படைத் தேதியில் ஒரு கூட்டம். முப்பத்தொன்றாம் தேதி மெஷின் கழுவுகிற நாள், பூட்டு. அதனால் முப்பத்தொரு நாள் மாதம் வந்தால் எல்லோருக்கும் ஒரு நாள் கூடுதலாகப் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டும். ஜெராக்ஸ் அக்கா வருடம் பிறந்ததும் முதல் வேலையாக ஏழு முப்பத்தொன்றுகளையும் சிவப்பில் வட்டமிட்டு விடுவாள். அந்த நாட்களுக்கு முன்னால் தண்ணீரை இன்னும் இறுக்கிப் பிடிப்பாள். பிப்ரவரியைப் பற்றி அவளுக்குக் கவலையே இருந்ததில்லை. இருபத்தெட்டு முடிந்தால் ஒன்று, ஒன்று முடிந்தால் இரண்டு. இரட்டைக்காரரான அவருக்கு வழக்கம்போல ஒரு நாள்தான் இடைவெளி. அவர் இந்த மெஷினில் படுக்க ஆரம்பித்த பிறகு வருகிற முதல் லீப் வருடம் இது என்று யார் கண்டார்கள்?

நேற்று இருபத்தெட்டு. லிஃப்ட்காரருக்குப் பாதியிலேயே காலில் நரம்பு சுண்டி இழுத்து, ரத்த அழுத்தம் கீழே போய்விட்டது. இரண்டு மணி நேரத்தோடு கழற்றிவிட்டார்கள். “மீதித் தண்ணியை அடுத்த முறை இழுத்துக்கலாம்” என்றார் சிஸ்டர். அந்த அவசரத்தில் இருபத்தொன்பது குறுக்கே நிற்பது சிஸ்டருக்கும் நினைப்பில் வரவில்லை. சாயங்காலம் மனுஷனுக்குத் தொண்டை காய்ந்தது. ஒரு நாளைக்கு அரை லிட்டர் என்று பாட்டிலில் கோடு போட்டு வைத்திருப்பவள் ஜெராக்ஸ் அக்கா. அந்தக் கோட்டைத் தாண்ட விட்டதே இல்லை. நேற்று அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, நடுவில் ஒரு நாள்தானே என்று இரண்டு டம்ளர் கூடுதலாக ஊற்றிக் கொடுத்தாள். அவளே கொடுத்தாள், தன் கையால்.

இன்று காலையில் முகம் பூசணிக்காயாக வீங்கியிருந்தது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று நாற்காலியில் உட்கார்ந்தே தூங்கியிருந்தார். “நாளைக்கு மெஷின்ல உக்காந்தா எல்லாம் வடிஞ்சிடும்” என்று சொல்லிவிட்டு அவள் கடைக்கு வந்தாள். நாளைக்கு இல்லை. நாளை மறுநாள்.

அவர் நாளை மறுநாள் வரை தாங்க மாட்டார். அதைச் சொல்ல டாக்டர் வேண்டாம்.

கடையை அந்தக் கல்லூரிப் பெண்ணிடமே விட்டுவிட்டு ஓடினாள். அந்தப் பெண் பின்னாலிருந்து “அக்கா, பூட்டு எங்கக்கா?” என்று கத்திக்கொண்டிருந்தாள்.

பத்தரைக்கெல்லாம் ஆட்டோவில் ஆளைக் கொண்டுவந்து டயாலிசிஸ் பிரிவின் வராந்தா பெஞ்சில் உட்கார வைத்தாள். அவர் முழங்காலில் இரண்டு கையையும் ஊன்றி, முன்னால் குனிந்து மூச்சு வாங்கினார். ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே கொதிக்கிற பானை மாதிரி ஒரு சத்தம்.

“எதுக்கு இப்படிப் பறக்கற?” என்றார். “நான் எங்கயும் போயிடல.”

“வாயை மூடிக்கிட்டு மூச்சை விடுங்க.”

“வாயை மூடினா மூச்சு வராதேம்மா.” அந்த நேரத்திலும் இந்தக் குசும்பு.

உள்ளே சிஸ்டர் அவரைப் பார்த்ததும் முகம் மாறினார். ஆனாலும் கையை விரித்தார். “நான் என்ன பண்றது? இருபத்தொன்பது ஒத்தை. ஒத்தைக்காரங்களுக்கு இன்னைக்கும் உண்டு, நாளைக்கு ஒண்ணாந்தேதியும் உண்டு. ஆபீசுக்குப் போன மாசமே எழுதிக் கேட்டேன். பலகையில இருக்கற மாதிரி பண்ணுங்கன்னு பதில் வந்துச்சு.”

“அவங்களுக்கு ரெண்டு நாள் சேந்தாப்புல, எங்களுக்கு மூணு நாள் கழிச்சா? இது எந்த ஊரு நியாயம் சிஸ்டர்?”

“நியாயத்தை எங்கிட்ட கேக்காதீங்க. பெரிய ஆஸ்பத்திரிக்கு இப்பவே போன் பண்றேன்.”

பண்ணினார். பெரிய ஆஸ்பத்திரி ஐந்து மணி நேரப் பயணம். அங்கே நாளை சாயங்காலம் வரை வரிசை இருக்கிறதாம். அதுவும் இவரை உட்கார வைத்து ஐந்து மணி நேரம் கொண்டுபோவதா? சிஸ்டர் ஆக்சிஜன் குழாயை மூக்கில் மாட்டிவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“ஆறு மெஷின் இருக்கே. நாலு மணிக்கு மதிய ஆளுங்க போனப்புறம் ஒண்ணுல போடக் கூடாதா?”

“மெஷின் இருக்கு, தண்ணி எங்க? சுத்திகரிச்ச தண்ணி ஒரு நாளைக்கு ரெண்டு ஷிப்டுக்குத்தான் தொட்டியில ரொம்பும். நாலு மணிக்குத் தொட்டி துடைச்சு வச்ச மாதிரி ஆயிடும்.”

அக்கா விரல் விட்டு எண்ணினாள். பத்து வருடமாகத் தாளை எண்ணி எண்ணிப் பழகிய மூளை அது. பதறினாலும் கணக்கை விடவில்லை. மதியம் ஆறு பேர். ஆளுக்கு நாலு மணி நேரம். ஆளுக்கு அரை மணி குறைத்துக்கொண்டால் மூன்று மணி நேரத் தண்ணீர் மிஞ்சும். ஒத்தைக்காரர்களுக்கு நாளைக்கே மறுபடியும் முறை இருக்கிறது. அரை மணி குறைந்தால் அவர்களுக்கு என்ன கெட்டுப்போகும்?

சிஸ்டர் டாக்டருக்குப் போன் போட்டார். டாக்டர் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு இரண்டே வார்த்தை சொன்னார்: ஒருத்தருக்கும் மூன்றரை மணி நேரத்துக்குக் குறையக் கூடாது, இவருக்கு மூன்றுக்குக் குறைந்தால் பயனில்லை. ஆறு பேரும் சம்மதம் என்று தனித்தனியாக எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். ஒருத்தர் போடாவிட்டாலும் கிடையாது.

“எழுதிக் குடுங்க சிஸ்டர், காப்பி நான் எடுத்துட்டு வரேன்” என்று பறந்தாள். கடை பத்திரமாக இருந்தது. அந்தக் கல்லூரிப் பெண் கல்லாவில் உட்கார்ந்து இரண்டு பேருக்கு நகலும் எடுத்துக் கொடுத்திருந்தாள். நன்றி சொல்லக்கூட நேரமில்லை. ஆறு பிரதி எடுத்தாள். அவசரத்தில் முதல் இரண்டும் கோணலாக விழுந்தன. இருபது வயதில் தொழில் பழகும்போதுகூட அவள் கோணலாக எடுத்ததில்லை.

பதினொன்றே முக்காலுக்கு மதிய ஆட்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். வந்த கோலத்தைப் பார்த்ததும் அவளுக்குப் பாதி நம்பிக்கை போயிற்று.

ஒத்தைக்காரர்கள் இந்த இருபத்தொன்பதாம் தேதிக்காக இரண்டு மாதமாகக் காத்திருந்தவர்கள். அவர்கள் வீட்டில் மட்டும் யாரும் தேதியை மறக்கவில்லை. நாலு வருடத்துக்கு ஒரு முறை வருகிற உபரி நாள்! இன்று ஒரு முறை, நாளை ஒரு முறை, அடுத்தடுத்து இரண்டு நாள் ரத்தம் கழுவப்படும். அப்படியானால் நேற்றும் இன்றும் நாக்கை அவிழ்த்து விடலாம் இல்லையா? அவிழ்த்து விட்டிருந்தார்கள். பஸ் கண்டக்டர் நேற்று இரண்டு பாட்டில் கலர் சோடா குடித்திருந்தார். டைப்பிஸ்ட் அம்மா பாதி தர்பூசணியை ஒரே மூச்சில் தின்றிருந்தார். பேக்கரிக்காரர் மூன்று வருடமாகக் கண்ணால் மட்டும் பார்த்த வாழைப்பழத்தை, எத்தனை என்று கேட்காதீர்கள், ஒரு சீப்பு. எல்லோரும் உப்பிப்போய், குற்றம் செய்த முகத்தோடு எடை மெஷினில் ஏறினார்கள்.

“நாளைக்கும் உங்களுக்கு இருக்குங்க. அரை மணிதான்” என்று அக்கா தாளை நீட்டினாள்.

கண்டக்டர் தலையைச் சொறிந்தார். “நான் நேத்து அடிச்ச கூத்துக்கு இன்னைக்கு அஞ்சு மணி நேரம் போட்டாலே பத்தாதேம்மா.” பிறகு வராந்தாவில் அந்த மூச்சுச் சத்தத்தைக் கேட்டார். “சரி குடு. சில்லறை இல்லைன்னு சொல்லியே பொழப்பு ஓட்டினவன் நான். இதுக்காவது இல்லைன்னு சொல்லாம இருக்கேன்.”

டைப்பிஸ்ட் அம்மா எழுதியிருந்ததை மூன்று முறை படித்து, ஒரு எழுத்துப்பிழையைத் திருத்திவிட்டுப் போட்டார். பேக்கரிக்காரர் அழுதுகொண்டே போட்டார், தன் பயத்துக்கு அழுதாரா இவளுக்காக அழுதாரா தெரியவில்லை. இன்னும் இரண்டு பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, ஒருவர் போட்டதும் மற்றவரும் போட்டார். ஐந்து.

ஆறாவது ஆள் பெயிண்டர். சுவர் பெயிண்டர். ஆறாம் மெஷினில் ஊசி குத்திக்கொண்டு படுத்துவிட்டவர், தாளைக் கையால் தள்ளினார்.

“என்னால ஆகாது.”

“அண்ணே, அரை மணிண்ணே.”

“அரை நிமிஷம்கூட ஆகாது. போம்மா.”

அக்காவுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. “மத்தவங்க எல்லாரும் போட்டாங்களே, உங்க உயிரு மட்டும் வெல்லக்கட்டியா? ஒரு மனுஷன் வெளிய மூச்சுக்குத் தவிக்கிறான், உங்களுக்குக் காதுல விழலையா? உங்க வீட்டுல இப்படி ஒருத்தர் உக்காந்திருந்தா இப்படித்தான் பேசுவீங்களா?” என்று கத்தினாள். மற்ற ஐந்து பேரும் கூரையைப் பார்த்தார்கள். சிஸ்டர் வந்து தோளைப் பிடித்தார். உதறினாள். பிறகு கத்துகிற தெம்பு போய், கட்டிலின் இரும்புக்காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். “உங்க கால்ல விழறேண்ணே. நான்தான் தண்ணி குடுத்தேன். நான்தான் தேதி பாக்காம விட்டேன். என் தப்புக்கு அவரு சாகணுமா?”

“கால்ல விழறியா?” என்றார் பெயிண்டர். “விழறதுக்கு முன்னாடி காலைப் பாத்துக்கோ.”

ஊசி இல்லாத கையால் வேட்டியை முழங்கால் வரை இழுத்தார். கால் தூண் மாதிரி இருந்தது. தோல் மினுமினுத்தது. கெண்டைக்காலுக்கு முன்னால் எலும்பின் மேல் கட்டை விரலை அழுத்தி எடுத்தார். பள்ளம் அப்படியே நின்றது. அக்காவுக்கு அந்தப் பள்ளம் தெரியும். காலையில் தன் வீட்டுக்காரரின் காலில் அதே பள்ளத்தைத்தான் அழுத்திப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போனாள்.

“சோடா இல்ல, பழம் இல்ல. வெறும் தண்ணி” என்றார் பெயிண்டர். குரல் இறங்கியிருந்தது. “ஆறு வருஷமா அளந்து அளந்து குடிக்கறேன். நாளைக்குச் சேத்து ரெண்டு நாள் இருக்கேன்னு, ஒரு சொம்பு, ஒரே ஒரு சொம்பு முழுசா அண்ணாந்து குடிக்கணும்னு ஆசைப்பட்டேன். குடிச்சேன். அப்புறம் நிறுத்த முடியல. நேத்து மத்தியானத்துலேர்ந்து எத்தனை சொம்புன்னு எனக்கே தெரியாது. நாலரைக் கிலோ ஏறியிருக்கு. நானும் ராத்திரி உக்காந்துதான் தூங்கினேன்மா. எனக்கும் பயமா இருக்கு.”

 மூன்று வருடமாக அரை லிட்டர் பாட்டிலில் கோடு போட்டவள் அவள். டம்ளரின் அடியில் மிச்சமிருக்கும் ஒரு துளியை லிஃப்ட்காரர் நாக்கை நீட்டி நக்கியதைப் பார்த்துவிட்டு, சமையலறைக்குள் போய்ச் சத்தமில்லாமல் அழுதவள். பெயிண்டரிடம் என்னவென்று சண்டை போடுவது? எழுந்தாள். ஆறாவது தாளை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

“என்ன ஆச்சு?” என்றார் லிஃப்ட்காரர்.

“ஒண்ணும் ஆகல. சிஸ்டர் வேற ஏற்பாடு பாக்கறாங்க.” கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் அவள் சொன்ன பொய்களில் இதுதான் மட்டமான பொய். அவரும் நம்பவில்லை. அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அவருடைய விரல்கள் தடித்து, மோதிரம் சதைக்குள் புதைந்திருந்தது.

இரண்டு மணி. அவர் பேசுவதை நிறுத்தினார். இரண்டரை. உதடு ஊதா நிறத்துக்கு மாறத் தொடங்கியது. சிஸ்டர் ஆக்சிஜனைக் கூட்டிவிட்டுப் போனார். மூன்று மணிக்கு அவர் தலை அவள் தோளில் சாய்ந்தது, உடனே மூச்சு முட்டி நிமிர்ந்தது, மறுபடி சாய்ந்தது. அவள் அவரை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டே, கடவுளை ஒரு பாட்டம் திட்டினாள். நாலு வருடத்துக்கு ஒரு நாள் கூடுதலாகக் கொடுக்கத் தெரிந்தவனுக்கு, அதை யாருக்குக் கொடுப்பது என்று தெரிய வேண்டாமா?

மூன்று இருபத்தைந்துக்கு உள்ளே பேச்சுக்குரல் கேட்டது.

“சிஸ்டர், மணி என்ன?” பெயிண்டர்தான்.

“மூணு இருபத்தஞ்சு. இன்னும் முப்பத்தஞ்சு நிமிஷம் இருக்கு உங்களுக்கு.”

“மூணரைக்குக் கழட்டிடுங்க.”

“அண்ணே, விளையாடாதீங்க. இன்னும் ஒன்றரைக் கிலோ உள்ள இருக்கு.”

“அதான் நாளைக்கு வரேன்ல? நாளைக்கு இழுத்துக்கங்க. அந்தப் பேப்பரைக் கொண்டாரச் சொல்லுங்க. அந்தாளு விடற மூச்சு என் காதுலயே விழுந்துக்கிட்டு இருக்கு. இதைக் கேட்டுக்கிட்டு எப்படிப் படுத்திருக்கறது?”

அக்கா கதவருகே போய் நின்றாள். பெயிண்டரின் முகம் இன்னும் வீங்கித்தான் இருந்தது. நெற்றியில் வேர்வை. ‘வேண்டாம் அண்ணே, நீங்க முழுசா முடிச்சிட்டே எழுந்திரிங்க’ என்று ஒரு வார்த்தை அவள் நாக்கின் நுனி வரை வந்தது. நல்ல மனுஷியாக இருந்தால் சொல்லியிருப்பாள். அவளுக்கே அது தெரிந்தது. வார்த்தையை விழுங்கிவிட்டு, கசங்கிய தாளை நீட்டினாள். அவர் கையெழுத்துப் போடும்போது பேனா வழுக்கியது. அவளே தாளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

மூன்றரைக்கு ஆறு பேரையும் கழற்றினார்கள். நாலே காலுக்கு லிஃப்ட்காரரை மெஷினில் போட்டார்கள். ஏழே காலுக்குக் கழற்றியபோது அவரால் படுக்க முடிந்தது. வீட்டுக்கு வந்து, தலையணையில் தலை வைத்து, குறட்டை விட்டுத் தூங்கினார். அந்தக் குறட்டையைக் கேட்டு அவள் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். ஆனால் கண்ணை மூடினால் ஒரு பள்ளம் தெரிந்தது. அது யார் காலில் என்று அவளுக்குத் தெரியும்.

மார்ச் ஒன்றாம் தேதி. ஜெராக்ஸ் அக்கா கடை திறக்கவில்லை. பதினொன்றரைக்கே டயாலிசிஸ் பிரிவின் வாசலில் போய் நின்றாள். அவருக்கு இன்று முறை இல்லை, இவளுக்கு இங்கே வேலை இல்லை. கண்டக்டர் வந்தார், “என்னம்மா, உங்காளு எப்படி?” என்றார். தலையை ஆட்டினாள். டைப்பிஸ்ட் அம்மா வந்தார். பேக்கரிக்காரர் வந்தார். மற்ற இருவரும் வந்தார்கள். பன்னிரண்டு அடித்தது.

பெயிண்டர் வரவில்லை.

பன்னிரண்டே காலுக்கு சிஸ்டர் வெளியே வந்து தெருவை எட்டிப் பார்த்தார். “போன் எடுக்க மாட்டேங்கறாங்க. பன்னெண்டரை வரைக்கும் சீட்டைப் பிடிச்சு வைக்கிறேன்” என்றார். அக்கா வாசல் தூணைப் பிடித்துக்கொண்டாள்.  நான் கொன்றுவிட்டேன், நான் தாளைப் பிடித்துக்கொண்டு கையெழுத்து வாங்கிக் கொன்றுவிட்டேன் என்று அவள் உதடு முணுமுணுத்தது. பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

பன்னிரண்டு இருபத்தேழுக்கு ஓர் ஆட்டோ வந்து நின்றது. பெயிண்டரின் மருமகனும் டிரைவரும் இரண்டு பக்கமும் தாங்கி, அவரை இறக்கினார்கள். நடக்கவில்லை, இழுத்துக்கொண்டு வந்தார்கள். கண் இமை வீங்கிப் பாதி மூடியிருந்தது. மூச்சில் அதே பானைச் சத்தம். வாசலைத் தாண்டும்போது அவளைப் பார்த்துவிட்டு, தாங்கியவர்களை நிற்கச் சொன்னார்.

“என்ன ஜெராக்ஸு,” ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் மூச்சு வாங்கினார். “நான் வரமாட்டேன்னு நெனச்சிட்டியா?”

அவளால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

“நானும் அப்படித்தான்மா நெனச்சேன்” என்றார் பெயிண்டர். உள்ளே ஆறாம் மெஷினை சிஸ்டர் தயாராக ஓட விட்டிருந்தார். அக்கா டிரைவரை விலக்கிவிட்டு, தன் தோளைக் கொடுத்து அவரை உள்ளே கூட்டிப்போனாள்.